பொதி ஒன்றைச் சொல்ல, கணினி வேறொன்றாக இருக்கும்போது: பணிசெயல் முறைமையை ஊகிப்பதில் வரும் பிழைகளை அறிகுறி வழியே திருத்தல்

யாழ்ப்பாணத்தில் சிறிய வலையமைப்புகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு நிலைமை நன்கு பழக்கமானது. தனியார் கல்வி நிலையமாகட்டும், சனசமூக நிலையத்தின் வாசிகசாலையாகட்டும், அங்குள்ள கணினிகளிற் பாதி வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பியவையாக இருக்கும். மீதி வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கடைகளில் வாங்கப்பட்டவையாக இருக்கும். எதில் எந்தப் பணிசெயல் முறைமை ஓடுகிறது என்ற பதிவேடு பெரும்பாலும் இருப்பதில்லை, இருந்தாலும் அது பழையதாகிப் போயிருக்கும். விண்டோஸ் 7இற்கான வழமையான ஆதரவு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10இற்கானது 2025 ஒக்டோபர் 14 உடனும் முடிந்துவிட்டபடியால், பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிவது இப்போது அவசரமான வேலையாகிவிட்டது. வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒவ்வொரு கணினியாக எழுப்பிப் பார்க்க முடியாது. அப்போது வலையமைப்பில் ஓடும் பொதிகளின், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு கட்டுகளின், தலைப்பைப் படித்து முறைமையை ஊகிக்கும் முறை பெரிதும் கைகொடுக்கிறது.

இது சாத்தியமாவதற்குக் காரணம் எளியது. இணையத்தில் பொதிகளைக் கொண்டுசெல்லும் ஐபி, ரிசிபி ஆகிய நெறிமுறைகளின் அடிப்படை ஆவணங்கள் 1981 செப்டெம்பரில் வெளிவந்தபோது, பொதியின் வடிவத்தை இறுக்கமாக வரையறுத்தன. ஆனால் சில எண்கள் எவ்வளவாக இருக்கவேண்டும், சேர்க்கவோ விடவோ கூடிய சில விருப்பங்கள் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதை முறைமையை எழுதுபவரின் தெரிவுக்கே விட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தன் தெரிவைச் செய்தது, அந்தத் தெரிவே கைரேகை போல நின்றுவிட்டது. மிகல் ஸலேவ்ஸ்கி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட பி0எஃப் என்னும் கருவி, எவருக்கும் ஒரு பொதிகூட அனுப்பாமல், கடந்து செல்லும் பொதிகளை மட்டும் பார்த்து இந்த ரேகையைப் படிக்கிறது. பொதிகளைப் பிடித்து விரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கண்ணால் பார்த்தும் இதையே செய்யலாம். பயில்பவர்கள் முதலில் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில் கருவி பிழையான விடையைத் தரும்போது, அது ஏன் பிழைத்தது என்பது பொதியைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும்.

தொடங்குமுன் ஒரு கடமை உண்டு. பிறருடைய தொடர்பாடலை அனுமதியின்றி இடைமறிப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். வலையமைப்பின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பொதியின் தலைப்புகளை மட்டும் பிடித்து, உள்ளடக்கத்தைச் சேமிக்காமல் விடுங்கள். ரிசிபியில் நமக்குத் தேவையானது முழுவதும் முதல் நூறு பைற்றுகளுக்குள் அடங்கிவிடுகிறது; பின்னர் சொல்லப்படும் டிஎச்சிபி பொதியை மட்டும் முழுதாகப் பிடிக்கவேண்டும்.

இயல்பு நிலை எப்படித் தெரியும்

பிழையை அறியுமுன் சரியானதை அறியவேண்டும். ரிசிபி இணைப்பைத் தொடங்குவதற்காக ஒரு கணினி அனுப்பும் முதற்பொதியில் சின் என்னும் கொடி ஏற்றப்பட்டிருக்கும், அக் என்னும் கொடி இறக்கப்பட்டிருக்கும். வயர்ஷார்க்கின் வடிகட்டியில் இந்த நிபந்தனையைக் கொடுத்தால் முதற்பொதிகள் மட்டும் வரிசையாக நிற்கும். அவற்றில் நாம் பார்ப்பவை நான்கு: ரிரிஎல் எனப்படும் வாழ்நாள் எண், ஒரே நேரத்தில் எவ்வளவு தரவைப் பெறத் தயார் என்று சொல்லும் சாளர அளவு, எம்எஸ்எஸ் எனப்படும் பெருமத் துண்டளவு, மற்றும் தலைப்பின் கடைசியில் வரும் விருப்பங்களின் வரிசை.

விண்டோஸ் கணினி 128 என்ற வாழ்நாள் எண்ணோடு பொதியை அனுப்பும். அதன் விருப்பங்கள் துண்டளவு, நிரப்பி, சாளரப் பெருக்கி, நிரப்பி, நிரப்பி, சாக் அனுமதி என்ற ஒழுங்கில் வரும். நிரப்பி என்பது இடத்தை நிரப்பும் வெற்றுப் பைற்; பெருக்கி சாளர அளவைப் பெருக்குவது; சாக் அனுமதி, இடையில் தவறிய துண்டுகளை மட்டும் மீண்டும் அனுப்ப வழிசெய்வது; நேரமுத்திரை, பொதியில் இடப்படும் நேரக்குறி. பெருக்கியின் மதிப்பு வழமையாக 8 ஆக இருக்கும், நேரமுத்திரை இராது. லினக்ஸ் 64இல் தொடங்கும். துண்டளவு, சாக் அனுமதி, நேரமுத்திரை, நிரப்பி, சாளரப் பெருக்கி என்பது அதன் ஒழுங்கு, கணினிகளிற் பெருக்கி பெரும்பாலும் 7. அப்பிள் நிறுவனத்தின் முறைமைகளும் 64இலேயே தொடங்கும், ஆயினும் துண்டளவு, நிரப்பி, பெருக்கி, நிரப்பி, நிரப்பி, நேரமுத்திரை, சாக் அனுமதி, முடிவுக்குறி என்று வேறொரு ஒழுங்கைக் கொண்டிருக்கும், சாளரம் 65535.

இந்த ஒழுங்கு ஏன் இப்படி வேறுபடுகிறது என்று கவனித்தால் மனத்தில் நன்கு பதியும். விருப்பங்கள் நான்கு பைற்றுகளின் எல்லையில் ஒழுங்காக அமைய வேண்டும். விண்டோஸ் 3 பைற் நீளமான பெருக்கிக்கு 1 நிரப்பியும், 2 பைற் நீளமான சாக் அனுமதிக்கு 2 நிரப்பிகளும் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே நான்காக்குகிறது. லினக்ஸோ 2 பைற் சாக் அனுமதியையும் 10 பைற் நேரமுத்திரையையும் அருகருகே வைத்து 12 ஆக்கிவிடுவதால் அங்கே நிரப்பியே தேவைப்படுவதில்லை. இது முறைமையின் உட்பொருளில் எழுதப்பட்ட தெரிவு. வாழ்நாள் எண்ணை ஒரேயொரு அமைப்பால் எவரும் மாற்றிவிடலாம், விருப்பங்களின் ஒழுங்கை அவ்வளவு இலகுவாக மாற்ற முடியாது. இரண்டும் முரண்படும்போது நான் ஒழுங்கையே நம்புவேன்.

அறிகுறி: வாழ்நாள் எண் 64உம் இல்லை, 128உம் இல்லை

பொதி ஒவ்வொரு வழிப்படுத்தியை (ரவுட்டரை) கடக்கும்போதும் இந்த எண் ஒன்று குறையும். ஆகவே வெளியிலிருந்து வரும் பொதியில் 116 தெரிந்தால் அது 128இல் தொடங்கி 12 வழிப்படுத்திகளைக் கடந்து வந்தது. 52 தெரிந்தால் 64இலிருந்து வந்தது. 243 தெரிந்தால் 255இலிருந்து வந்தது. தெரியும் எண்ணுக்கு மேலே அடுத்துள்ள 64, 128, 255 ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். இணையப் பாதைகள் முப்பது வழிப்படுத்திகளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதால் குழப்பம் அரிதே. 255இல் தொடங்குபவை பெரும்பாலும் வழிப்படுத்தி, ஆளி (சுவிச்) போன்ற வலையமைப்புக் கருவிகளே. அவற்றை மேசைக்கணினியாக எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிடக்கூடாது.

அறிகுறி: ஒரே அறைக்குள் 63 அல்லது 127 தெரிகிறது

எல்லா அறிகுறிகளிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஒரே ஆளியில் இணைந்த கணினிகளின் பொதிகள் எந்த வழிப்படுத்தியையும் கடப்பதில்லை, ஆகவே 64உம் 128உம் குறையாமல் தெரியவேண்டும். ஒன்று குறைந்து தெரிந்தால், உங்களுக்குத் தெரியாத வழிப்படுத்தி ஒன்று இடையில் இருக்கிறது என்பதே பொருள்.

கொக்குவிற் பகுதியில் ஒரு கல்வி நிலையத்தில் ஒரே முகவரியிலிருந்து 127உடன் விண்டோஸ் ஒழுங்கும், 63உடன் லினக்ஸ் ஒழுங்கும், 63உடன் அப்பிள் ஒழுங்கும் மாறிமாறி வந்தன. பதிவேட்டின்படி அந்த முகவரிக்குரியது அலுவலக அறையிலுள்ள ஒரு கணினி. தேடிப் பார்த்தபோது, வைஃபை எட்டவில்லை என்று எவரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வழிப்படுத்தி ஒன்று அலுமாரிக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. அது தன் பின்னாலுள்ள எல்லாக் கருவிகளின் முகவரிகளையும் தன் ஒற்றை முகவரியால் மூடிவிட்டது. முகவரியை மாற்றி எழுதும் வழிப்படுத்திகள் விருப்பங்களின் ஒழுங்கையும் சாளர அளவையும் வழமையாகத் தொடுவதில்லை. அதனாற்றான் பின்னால் இருந்த மூன்று முறைமைகளும் தம் ரேகையோடு வெளியே தெரிந்தன.

திருத்தும் முறை இது. அந்த வழிப்படுத்தியை அகற்றவேண்டிய அவசியம் இல்லை. வைஃபை உண்மையிலேயே எட்டாமல்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதற்கு உங்கள் வலையமைப்பிற்குள் ஒரு நிலையான முகவரியைக் கொடுத்து, வடத்தை இணைய வாயிலிலிருந்து கழற்றி உள்ளக வாயில்களில் ஒன்றிற் செருகுங்கள். அது வெறும் வைஃபை நிலையமாக மாறிவிடும், எண் குறைவதும் நின்றுவிடும், ஒவ்வொரு கருவியும் தன் சொந்த முகவரியோடு தெரியும்.

வழிப்படுத்தி கண்ணில் அகப்படாவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். மாணவர் ஒருவர் மடிக்கணினியையோ தொலைபேசியையோ ஹொட்ஸ்பொட் ஆக்கி நண்பர்களுக்கு இணைப்பைப் பகிர்ந்திருக்கலாம்; அந்தக் கருவி அப்போது வழிப்படுத்தியாகவே இயங்குகிறது. மற்றையது, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் துணைமுறைமையின் இரண்டாம் பதிப்பு. அது தனக்கென ஒரு லினக்ஸ் கருவை, அதாவது முறைமையின் மைய நிரலை (கேர்னலை), கொண்டது, வழமையான அமைப்பில் விண்டோஸின் முகவரிக்குப் பின்னால் நின்று பேசும். ஆகவே ஒரே முகவரியில் 128உடன் விண்டோஸும் 63உடன் லினக்ஸும் சேர்ந்து தெரிந்து, வேறெதுவும் தெரியாவிட்டால், நிரலாக்கம் படிக்கும் மாணவரின் கணினியாக அது இருக்கக்கூடும். அங்கே திருத்தவேண்டியது ஒன்றுமில்லை.

அறிகுறி: சாளர அளவு 64240, கருவி விண்டோஸ் என்கிறது, கணினியில் இருப்பது லினக்ஸ்

பழைய குறிப்புகளை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். லினக்ஸின் முதற்பொதிச் சாளரம் காலத்துக்குக் காலம் வளர்ந்து வந்திருக்கிறது: 5840, பிறகு 14600, பிறகு 29200. இவை 1460 என்ற துண்டளவின் 4, 10, 20 மடங்குகள். கருவின் 4.20ஆம் பதிப்பிலிருந்து 65535ஐத் தாண்டாத மிகப்பெரிய மடங்கை அது எடுக்கிறது. அது 44 மடங்கு, அதாவது 64240. விண்டோஸ் 10உம் பல இடங்களில் இதே 64240ஐ அறிவிக்கிறது. இரண்டு முறைமைகளும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே எண்ணிற் சந்தித்துவிட்டன.

ஆகையால் சாளர அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கும் எந்தப் பட்டியலையும் ஒதுக்கிவிடுங்கள். நேரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதற்கு முன்னால் சாக் அனுமதி நின்றால் லினக்ஸ். நேரமுத்திரையே இல்லாமல் பெருக்கி 8 ஆக இருந்தால் விண்டோஸ். வாழ்நாள் எண் இதற்கு ஒத்துப்போகிறதா என்று கடைசியாகச் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், கைப்பேசி நிறுவனங்களின் இணைப்புப் பகிர்வுக் கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்காக வாழ்நாள் எண்ணை மாற்றும் பழக்கம் இளைஞரிடையே உண்டு என்பதை நினைவிற் கொள்க. விண்டோஸ் ஒழுங்கோடு 65 என்ற எண்ணைக் கண்டால் வியக்கவேண்டாம். ஒன்று குறைந்து 64 ஆகவேண்டும் என்பதற்காக வைத்தது அது.

அறிகுறி: எல்லாக் கணினிகளும் லினக்ஸாகத் தெரிகின்றன

இருபது கணினி உள்ள அறையில் இருபதும் ஒரே முகத்தோடு தெரிந்தால், நீங்கள் கணினிகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்காகப் பேசும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலாவது காரணம் பதிலி சேவையகம். மாணவர்கள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்த அதை வைத்திருப்பார்கள். அது கணினியின் இணைப்பைத் தன்னோடு முடித்துக்கொண்டு, வெளியே தான் ஒரு புதிய இணைப்பைத் தொடங்குகிறது. வெளிப்பக்கத்திற் பிடித்த பொதிகள் எல்லாம் அந்தச் சேவையகத்தின் ரேகையையே காட்டும். பிடிக்கும் இடத்தை உட்பக்கத்துக்கு, அதாவது கணினிகளுக்கும் பதிலிக்கும் நடுவே உள்ள ஆளிக்கு மாற்றினால் விடை உடனே திருந்திவிடும்.

இரண்டாவது காரணம் மெய்நிகர் இயந்திரம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதை இயக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் வழமையான முகவரி மாற்று முறையில் ஓடும் விருந்தினர் முறைமையின் ரிசிபி இணைப்புகளை, அதைத் தாங்கும் முறைமையே தன் பெயரிற் புதிதாகத் திறக்கிறது. ஆகவே லினக்ஸ் கணினிக்குள் ஓடும் விண்டோஸ், வெளியே லினக்ஸாகவே தெரியும். பாலம் அமைக்கும் முறைக்கு மாற்றினால் விருந்தினர் தன் முகத்தோடு தெரிவார்.

மூன்றாவது காரணத்தை நான் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் இதில் அனுபவமுள்ளவர்களே ஏமாறுகிறார்கள். முதற்பொதியைப் பிடிக்காமல், அதற்கு வரும் மறுமொழிப் பொதியைப் படிப்பதுதான் அந்தப் பிழை. மறுமொழியில் சின், அக் ஆகிய இரண்டு கொடிகளும் ஏறியிருக்கும். அது கேட்டவரின் பொதி அன்று, பதில் சொல்லும் சேவையகத்தின் பொதி. அதிலும் சேவையகம் தன் முழு ரேகையையும் காட்டுவதில்லை. கேட்டவர் எந்த விருப்பங்களை முன்வைத்தாரோ அவற்றுக்கு மட்டுமே அது விடையளிக்கும். விண்டோஸ் கணினி நேரமுத்திரையை முன்வைக்காதபடியால், அதற்குப் பதில் சொல்லும் லினக்ஸ் சேவையகம் நேரமுத்திரையை விட்டுவிடும். அப்போது விடுபட்ட இடத்தைச் சமன்செய்ய நிரப்பிகள் உள்ளே வந்து, லினக்ஸின் வழமையான ஒழுங்கே மாறிவிடும். ஒரே சேவையகத்தை லினக்ஸ் கணினியிலிருந்து ஒருமுறையும் விண்டோஸ் கணினியிலிருந்து ஒருமுறையும் திறந்து, இரண்டு மறுமொழிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருமுறை பார்த்தவர் பிறகு இந்தப் பிழையைச் செய்யமாட்டார்.

அறிகுறி: கருவி மணிக்கணக்காக ஓடியும் எதையும் சொல்லவில்லை

இங்கே பெரும்பாலும் பொதிகளே உங்களை வந்தடையவில்லை. ஆளி என்பது பொதியை உரியவரின் வாயிலுக்கு மட்டும் அனுப்பும் கருவி. ஒரு மூலையில் உங்கள் மடிக்கணினியைச் செருகிவிட்டு மற்றவர்களின் பொதிக்குக் காத்திருந்தால் பொது அறிவிப்புகள் மட்டுமே வரும். நிர்வகிக்கக்கூடிய ஆளியாக இருந்தால் வழிப்படுத்தி இணைந்துள்ள வாயிலின் போக்குவரத்தை உங்கள் வாயிலுக்குப் பிரதியிடும்படி அமைக்கலாம். மலிவான ஆளிகளில் அந்த வசதி இராது. அப்போது வழிப்படுத்தியிலேயே பிடிக்கும் வசதி உண்டா என்று பாருங்கள், அல்லது இரண்டு வலையமைப்பு அட்டைகளுள்ள ஒரு பழைய கணினியைப் பாலமாக நடுவில் வையுங்கள். வாசிகசாலைக்கு வந்து பாவனையின்றிக் கிடக்கும் கணினி ஒன்றே இதற்குப் போதும்.

பொதிகள் வந்தும் விடை இல்லை என்றால், அவை ரிசிபி தானா என்று பாருங்கள். உலாவிகள் இப்போது குயிக் என்னும் நெறிமுறையைப் பெருமளவு பாவிக்கின்றன. 2021இல் தரமாக்கப்பட்ட அது ரிசிபியின் மேல் ஓடாமல் யுடிபி என்னும் வேறு நெறிமுறையின் மேல் ஓடுவதால் சின் பொதியே இராது. எல்லாப் போக்குவரத்தும் அதற்கு மாறிவிடவில்லை, ஆகவே சற்றுப் பொறுத்திருந்தால், முறைமையின் புதுப்பிப்புச் சேவையோ வேறு செயலியோ ஒரு ரிசிபி இணைப்பைத் தொடங்கும். நீங்கள் பிடிக்கத் தொடங்குமுன்பே திறந்துவிட்ட இணைப்புகளில் முதற்பொதி கடந்துபோய்விட்டது என்பதும் மறக்கப்படும் விடயம். காலையில் கணினிகளை இயக்குமுன்பே பிடிக்கத் தொடங்கினால் இரண்டு குறைகளும் தீர்ந்துவிடும்.

விடை வந்தும் அது அறியப்படாதது என்று இருந்தால், குறை கருவியின் தரவுத்தளத்தில். பி0எஃபின் மூன்றாம் பதிப்பு 2012இல் எழுதப்பட்டது. அதனோடு வந்த ரேகைகள் அந்தக் காலத்து முறைமைகளுக்குரியவை. உங்களிடமுள்ள, முறைமை உறுதியாகத் தெரிந்த கணினிகளிலிருந்து புதிய ரேகைகளைப் பிடித்து நீங்களே அதிற் சேர்த்துவிடுங்கள். அந்தக் கோப்பு எவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புத்தான்.

அறிகுறி: ஒரே முகவரி, காலையில் விண்டோஸ், பிற்பகலில் லினக்ஸ்

வாழ்நாள் எண் குறையாமல் இப்படி நடந்தால் மறைந்த வழிப்படுத்தியைத் தேடவேண்டாம். வலையமைப்பு அட்டைக்குரிய வன்பொருள் முகவரியை (மாக் முகவரியை) பாருங்கள். அது மாறியிருந்தால் முகவரி வேறொரு கருவிக்குக் கைமாறிவிட்டது. மின்தடைக்குப் பின் வழிப்படுத்தி மீண்டும் எழும்போது தான் வழங்கிய முகவரிகளின் நினைவை இழந்து, வந்தவர்களுக்கு வரிசைப்படி புதிதாக வழங்குவது சிறிய வழிப்படுத்திகளில் வழமை. வன்பொருள் முகவரி மாறாமல் முறைமை மட்டும் மாறியிருந்தால், அது இரண்டு முறைமைகள் நிறுவப்பட்ட ஒரே கணினி. சில நிமிடங்களுக்குள் இரண்டும் கலந்து கலந்து வந்தால், ஒரே நிலையான முகவரியை இரு கணினிகளுக்குக் கொடுத்த தவறு காரணமாகலாம். பதிவேட்டில் ஐபி முகவரியை அடையாளமாக எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, வன்பொருள் முகவரியையும் பிடித்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: துண்டளவு 1460 ஆக இல்லை

இது முறைமையைப் பற்றிப் பேசும் எண் அன்று, பாதையைப் பற்றிப் பேசும் எண். 1452 என்பது சில இணைய வழங்குநர்கள் பாவிக்கும் பிபிபிஓஈ என்னும் முறை வழியான இணைப்பு, 1440 என்பது ஐபி பதிப்பு 6. ஆயினும் ஒரு பயன் உண்டு. 64240 என்ற சாளரத்தோடு 1452 என்ற துண்டளவு வந்தால், முன்னதைப் பின்னதால் வகுக்கும்போது மீதி வருகிறது. 1460ஆல் வகுத்தால் மீதியின்றி 44. ஆகவே கணினி 1460 என்றே எழுதி அனுப்பியிருக்கிறது, வழியிலுள்ள வழிப்படுத்தி அதைக் குறைத்து எழுதியிருக்கிறது. இதனாற் கருவி குழம்பினால், வழிப்படுத்திக்கு உட்பக்கத்திற் பிடியுங்கள்.

அறிகுறி: ஐபோனும் மாக் கணினியும், அன்ட்ரொயிட்டும் லினக்ஸ் கணினியும் பிரிந்து தெரியவில்லை

ஒரே கருவைப் பகிரும் முறைமைகள் ரிசிபியில் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பேசுவது இயல்பு. இங்கே ரிசிபியை வற்புறுத்தாமல் டிஎச்சிபிக்குப் போங்கள். ஒரு கருவி வலையமைப்பில் நுழையும்போது முகவரி கேட்டு அனுப்பும் பொதியில், தனக்கு எந்தெந்த விபரங்கள் வேண்டும் என்ற பட்டியலை 55ஆம் விருப்பமாக வைக்கிறது. அந்தப் பட்டியலின் எண்களும் அவற்றின் ஒழுங்கும் முறைமைக்கு முறைமை வேறுபடும். விண்டோஸ் 10 கேட்பது 1, 3, 6, 15, 31, 33, 43, 44, 46, 47, 119, 121, 249, 252 என்று ஏறுவரிசையாக நிற்கும். அப்பிளின் கருவிகள் 1, 121, 3, 6 என்று தொடங்கும். 60ஆம் விருப்பத்தில் விண்டோஸும் அன்ட்ரொயிட்டும் தம்மை ஏறத்தாழப் பெயர் சொல்லியே அறிமுகம் செய்கின்றன. இந்தப் பொதி பொது அறிவிப்பாக அனுப்பப்படுவதால், பிரதியிடும் வசதியற்ற ஆளியிற்கூட உங்களை வந்தடையும். வசதி குறைந்த வலையமைப்புகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் கோவிலைச் சூழவுள்ள விருந்தினர் விடுதிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் தொலைபேசிகள் நிறைந்திருக்கும். அப்போது வன்பொருள் முகவரியின் முதல் மூன்று பைற்றுகளைக் கொண்டு தயாரிப்பாளரைத் தேடினால் விடை கிடைக்காமல் போகும். அன்ட்ரொயிட் 10இலிருந்தும் ஐபோனில் 2020இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்தும் தொலைபேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, எழுமாறாக ஆக்கிய முகவரியைத் தருகின்றன. முகவரியின் இரண்டாவது பதினாறடி இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது ஆக்கிய முகவரிதான். தயாரிப்பாளர் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 55ஆம் விருப்பத்தைப் பாருங்கள்.

அறிகுறி: என்மாப்பால் கேட்டபோது வேறு விடை வருகிறது

என்மாப் செய்வது வேறு வேலை. அது இலக்குக் கணினிக்குத் தானே பதினாறு வரையான சோதனைப் பொதிகளை அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிடுகிறது. நம்பகமான விடைக்கு அதற்குத் திறந்த ரிசிபி வாயில் ஒன்றும் மூடிய வாயில் ஒன்றும் தேவை. இங்கே வாயில் என்பது வடம் செருகும் இடம் அன்று, கணினியிலுள்ள சேவை ஒன்றுக்குரிய இலக்கம். விண்டோஸின் தீச்சுவர் அழையாத பொதிகளைச் சத்தமின்றி விழுத்திவிடுவதால் மூடிய வாயில் என்று எதுவும் தென்படாது; அப்போது கருவி ஊகங்களின் பட்டியலை நீட்டுகிறது. பட்டியலின் முதற்பெயரை உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுப் பெறாத முதற்பொதி சொல்வதையே மேலாக மதியுங்கள்.

மறுதிசையில், அந்தக் கணினியிலிருந்து, இணைப்பைச் சோதிக்க அனுப்பப்படும் பிங் பொதி ஒன்றைப் பிடிக்க முடிந்தால் அது நல்ல சாட்சி. விண்டோஸ் 32 பைற் உள்ளடக்கத்தை ஆங்கில நெடுங்கணக்கின் முதல் 23 எழுத்துகளால் நிரப்பி, மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கி ஒன்பது எழுத்துகளோடு முடிக்கும். லினக்ஸ் 56 பைற் அனுப்பும், அதில் எழுத்துகளின் அந்த வரிசை இராது.

அறிகுறி: எல்லாம் விண்டோஸ் என்று தெரிகிறது, எந்த விண்டோஸ் என்று தெரியவில்லை

விண்டோஸ் 10ஐயும் 11ஐயும் முதற்பொதியால் பிரிக்க முயலவேண்டாம். உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரியும் இரண்டிற்கும் 10.0 என்றே இருப்பதால் அதுவும் உதவாது. இவற்றைப் பிரிக்கக் கணினியின் முன்னால் அமர்ந்துதான் ஆகவேண்டும்.

பழையவற்றை இனங்காண்பதில் மட்டும் பொதி நன்றாக உதவும். விண்டோஸ் 7உம் 8உம் 8192 என்ற சாளரத்தை அறிவிப்பவை; இப்போதைய விண்டோஸ் கணினிகள் 64240 அல்லது 65535 அறிவிக்கின்றன. சாளரப் பெருக்கியே இல்லாமல் துண்டளவு, நிரப்பி, நிரப்பி, சாக் அனுமதி என்று மட்டும் 128உடன் வந்தால், விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஆதரவு 2014 ஏப்பிரல் 8 உடன் முடிந்தது. 8192ஐக் கண்டவுடன் பதிவேட்டில் விண்டோஸ் 7 என்று எழுதிவிடாமல், வன்பொருள் முகவரியைக் குறித்துக்கொண்டு அந்தக் கணினியை நேரிற் தேடிப் போங்கள். நான் தேடிப் போன இடங்களில் அது பெரும்பாலும் வகுப்பறையில் இருக்கவில்லை. அச்சுப்பொறிக்கோ கண்காணிப்புக் கமராவுக்கோ என்று ஒதுக்கிவைத்து, திரைகூட இணைக்கப்படாமல், இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருந்த கணினியாகவே இருந்தது. அதை உடனே மாற்ற வசதியில்லாவிட்டால், வழிப்படுத்தியில் அதன் இணைய அனுமதியை நிறுத்தி, தன் வேலைக்குத் தேவையான கருவியோடு மட்டும் பேசும்படி வைத்துவிட்டு, மறுநாட் காலையில் முதற்பொதிகளை மீண்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.